அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்ட ஒரு பிளான்

"சார், அப்ரூவலுக்கு ஒரு பிளான் போட்டுடலாம். கட்டறதுக்கு ஒரு பிளான் போட்டுக்கலாம்."

2005-ல் சேலத்தில் வீடு கட்ட ஆரம்பித்தபோது எங்கள் இன்ஜினீயர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. இட்லிக்கு ஒரு சட்னி, தோசைக்கு ஒரு சட்னி என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன்.

முதல் பிளானில் என் வீடு உத்தமமான வீடு. முன்னால் இடம், பின்னால் இடம், இரண்டு பக்கமும் இடம். சுற்றி வந்தால் பிரதட்சணமே செய்யலாம். இரண்டாவது பிளானில் கிழக்குப் பக்க சந்தில் மாடிப்படி ஏறியது. படிக்குக் கீழே இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு பாத்ரூமும் வந்து உட்கார்ந்தது. பாத்ரூமுக்குத் தனியாகச் சுவர்கூட எழுப்பவில்லை. காம்பவுண்ட் சுவரையே உயர்த்திக்கொண்டோம்.

இதை ஏதோ பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வதாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் மொட்டைமாடிக்குப் போய் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சன்ஷேடாகப் பிறந்து ரூமாக வளர்ந்தவை இருக்கும். கார் நிறுத்தவென்று காட்டிய இடத்தில் ஜெராக்ஸ் கடை இருக்கும். வாசற்படி சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கே வந்து நிற்கும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதற்காகச் சுவரோரம் குழாய் இறங்கும். குழாய் போய்ச் சேர வேண்டிய குழியைத்தான் காணோம். அந்தக் குழாயும் அப்ரூவலுக்கான குழாய்!

நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயர் கூரையே வேண்டாமென்று வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு வந்து கால்கோள் போடுகிற நமக்குத்தான் பக்கத்தில் மூன்றடி விட மனசு வருவதில்லை.

சரி, என் படிக்கட்டுக்கு வருகிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியம்மா. எங்களுக்கு முன்பே வீடு கட்டியவர். கணவர் இல்லை, மகன் வெளியூரில். அவர்கள் வீட்டில் விட வேண்டிய இடத்தை விட்டுத்தான் கட்டியிருந்தார்கள். அவருடைய சமையலறை ஜன்னல் எங்கள் பக்கம் பார்த்தது. நாங்கள் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. ஆட்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். குடி வந்து ஆறு மாதம் கழித்து, கேட்டருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"இப்பல்லாம் பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் சோறாக்க வேண்டியிருக்குது தம்பி."

அவ்வளவுதான். குற்றம் சாட்டும் தொனி இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி ஒரு தகவல். என் மாடிப்படி அவர் ஜன்னலை அடைத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். தயாராக ஒரு பதிலும் வைத்திருந்தேன்: 'என் இடம், என் காசு. உங்க இடத்துல ஒரு இன்ச்சாவது வந்தேனா?'

வரவில்லைதான். சர்வே கல் சாட்சி.

ஆனால் அந்த மூன்றடி உண்மையில் யாருடையது? பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. வரி நான் கட்டுகிறேன். இருந்தாலும் அதில் கட்டாதே என்று சட்டம் ஏன் சொல்கிறது? யோசித்துப் பார்த்தால், என் மனைக்குள்ளேயே மற்றவர்களுக்காக ஒதுக்கி வைத்த பங்கு அது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காற்றும் வெளிச்சமும். தீ பிடித்தால் ஏணியோடு வருகிறவருக்கு வழி. மழைத் தண்ணீருக்கு மண். நாளைக்கு இந்த வீட்டை வாங்கப்போகிறவருக்குப் பாதுகாப்பு. இவர்களில் ஒருவர்கூட நாங்கள் இன்ஜினீயரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பிளான் போட்டபோது அங்கே இல்லை. அங்கே இல்லாதவர்களுக்காகப் பேசுவதற்குத்தான் விதி என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் சட்டம் ஏறக்குறைய 3,750 வருடங்கள் பழையது. கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்கிறது அது. பைபிளில் உபாகமம் இன்னும் நுட்பமாகப் போகிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை. யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும் என்ற பொருளில் ஒரு கட்டளை இருக்கிறது. விழப்போகிறவன் யார் என்று தெரியாது. விழுவானா என்பதும் தெரியாது. அவனுக்காக இன்றைக்கே செங்கல் வாங்கு என்பதுதான் அதன் சாரம். ஹம்முராபி இடிந்த பிறகு தண்டிக்கிறார். உபாகமம் விழுவதற்கு முன்பே பார்த்துக்கொள்கிறது.

பிறகு தண்டிப்பதால் என்ன பயன் என்பதற்குக் கும்பகோணம் போதும். 2004 ஜூலை 16. சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ பள்ளியின் ஓலைக் கூரைக்குத் தாவியது. மாடியில் அந்தக் கூரைக்கு அடியில் வகுப்புகள். இறங்குவதற்குக் குறுகலான படி. 94 குழந்தைகள். அந்தக் கூரையைப் போட்ட அன்று யாரும் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். 'கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்' என்றுதான் நினைத்திருப்பார்கள். தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளின் கூரை வேய்ந்த கொட்டகைகள் அதற்குப் பிறகுதான் இறங்கின.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்தில் ஒரு சதுர அடிகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. தப்புக்கான விலையைக் கொடுத்தவர்கள் லாபத்தில் பங்கில்லாதவர்கள்.

நம்ம ஊரிலேயே 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டர் வெடித்தது. அந்த வீட்டோடு பக்கத்து வீடுகளும் இடிந்தன. அந்த வீடுகள் விதி மீறியவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டு ஆபத்து எவ்வளவு சுலபமாக அடுத்த வீட்டு ஆபத்தாகிறது என்பதற்காகச் சொல்கிறேன். செய்தியைப் படித்த அன்று நான் எங்கள் கிழக்குச் சந்து இருந்த பக்கம் போய் நின்று பார்த்தேன்.

இப்படிச் சொல்வதால் விதியெல்லாம் வேதம் என்று அர்த்தமில்லை. இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் கட்டடங்களுக்கு அது ஒன்றரை மடங்காக இருந்தது. 2019-ல் தமிழ்நாடு முழுமைக்கும் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இரண்டு மடங்கானது. அதாவது, 2018-ல் ஒன்றே முக்கால் மடங்கு கட்டியவர் தவறு செய்தவர். 2019-ல் அதே அளவு கட்டியவர் நல்ல குடிமகன். செங்கல் அதேதான், சிமென்ட் அதேதான். கோடுதான் நகர்ந்திருக்கிறது. இப்படி நகரக்கூடிய கோட்டைத் தாண்டியதற்காக ஒருவரைப் பாவி என்று சொல்லிவிட முடியுமா?

அம்மாப்பேட்டைக்கோ கொண்டலாம்பட்டிக்கோ போய்ப் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். முன்னால் குடித்தனம், பின்னால் தறிக் கொட்டகை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டின் ஒரு அறை கொலுசுப் பட்டறை. 'குடியிருப்பு' என்று அனுமதி வாங்கிய இடத்தில் தொழில் நடந்தால் காகிதப்படி அது விதிமீறலாகலாம். அந்தத் தறியை நிறுத்தினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஒண்ணரை சென்ட் வைத்திருப்பவர் நான்கு பக்கமும் இடம் விட்டால் நடுவில் வீடு இருக்காது, தூண்தான் இருக்கும்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் மரவள்ளிக்கிழங்கு விளைந்த காடுகள் மனைகளாகி, கலர் கலராகக் கொடி பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டபோதுதான், தாங்கள் வாங்கியது அங்கீகாரமில்லாத மனை என்பதே பலருக்குத் தெரிந்தது. பிளாட் போட்டு விற்றவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். ஆயுசு சேமிப்பைக் கொட்டியவர் 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டினார். தப்பு செய்தவர் ஒருவர், அபராதம் கட்டியவர் வேறொருவர்.

அதனால் மீறல் என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டுவதே தப்பு என்று தோன்றுகிறது. நான் என் மனதுக்குள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஒன்று, காகிதத்துக்கு எதிரான மீறல். கட்டியது விதிக்குள் இருக்கிறது, அனுமதி வாங்கவில்லை. அல்லது வாங்கிய அனுமதிக்கும் கட்டியதற்கும் சின்ன வித்தியாசம், யாருக்கும் பாதிப்பில்லை. இதற்குப் பணம் கட்டித் திருத்திக்கொள்வது நியாயமான வழி.

இரண்டு, மனிதருக்கு எதிரான மீறல். வெளிச்சத்தை மறைப்பது, மழைத் தண்ணீரை அடுத்தவர் வீட்டுக்குத் திருப்பிவிடுவது, கழிவு நீரை அவர் சுவரோரம் விடுவது, பார்க்கிங்கைக் கடையாக்கித் தெருவைப் பார்க்கிங்காக்குவது.

மூன்று, உயிருக்கு எதிரான மீறல். ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் மூன்று மாடி. கல்யாண மண்டபத்தில் பூட்டி வைத்த பின்வாசல். ஆஸ்பத்திரியில் அட்டைப்பெட்டி அடுக்கிய அவசரப் படிக்கட்டு. இதற்கு எந்தக் கட்டணமும் கிடையாது. திறக்க வேண்டும், அல்லது இடிக்க வேண்டும்.

நம் நாட்டில் சிக்கல் என்னவென்றால், மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தோம். அதன் பெயர் வரன்முறை. சென்னைக்காக, 1999 பிப்ரவரி வரை கட்டிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு விலக்கு அளிக்கலாம் என்று 113-ஏ என்ற சட்டப்பிரிவு வந்தது. 2000-ல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. ஒரே ஒரு முறைக்கான ஏற்பாடு என்ற அளவில்தான். நாம்தான் 'இதுதான் கடைசி' என்பதைக் கடைசியாகச் சொல்கிறவர்கள் இல்லையே! அடுத்தடுத்த வருடங்களில் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 113-சி என்று இன்னொரு பிரிவு 2012-ல் வந்து, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு விண்ணப்பிக்கும் வழிமுறைகள் 2017-ல் வந்தன.

இப்படி மன்னித்துக்கொண்டே போனால் ஒழுங்காகக் கட்டியவன் என்ன நினைப்பான்? எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பிளானில் இருந்தபடி ஒரு அங்குலம் பிசகாமல் கட்டினார். அவர் தெருவில் எல்லோரும் ஒரு ரூம் கூடுதலாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். "இளிச்சவாயனுங்கன்னு என் பையனே சொல்றானுங்க" என்று சிரித்தார். விதியை மதித்தவனைப் பெற்ற பிள்ளையே இளிச்சவாயன் என்று சொல்லும் நிலைமையைத்தான் ஒவ்வொரு மன்னிப்பும் உண்டாக்குகிறது.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. 2017-ல் அந்தத் திட்டம் வந்தபோது என் இன்ஜினீயர் போன் செய்தார். "நீங்க 2005 சார். தேதிக்குள்ள வர்றீங்க. அப்ளை பண்ணிடலாம். பணம் கட்டினா படிக்கட்டு லீகல் ஆயிடும்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஃபாரம் எல்லாம் எடுத்து வைத்தேன். பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்தேன். அப்போது பெரியம்மா சொன்ன வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. நான் பணம் கட்டினால் படிக்கட்டு லீகல் ஆகிவிடும். அந்தச் சமையலறையில் வெளிச்சம் வந்துவிடுமா?

எடுத்தது அவரிடமிருந்து. கட்டப்போவது அரசாங்கத்திடம். கைமாற்று வாங்கியது பக்கத்து வீட்டில், திருப்பிக் கொடுப்பது எதிர்த்த வீட்டில் என்றால் கடன் தீருமா? ரசீது வரும். பைலில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். கடன் அப்படியே இருக்கும்.

இதுதான் நான் சொல்ல வருவது. ஒரு மீறலைத் தீர்ப்பது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு கட்டணும்?' என்பதல்ல. 'யாரிடமிருந்து எடுத்தேன்?' என்பது. காகிதத்திடம் எடுத்திருந்தால் காகிதத்தால் தீர்க்கலாம். மனிதரிடம் எடுத்திருந்தால் அந்த மனிதரிடம் போக வேண்டும். பல நேரம் முழுவதும் இடிக்கக்கூட வேண்டியிருக்காது. ஒரு சுவரின் உயரத்தைக் குறைக்கலாம், ஒரு குழாயைத் திருப்பிவிடலாம், ஒரு கதவின் பூட்டை எடுத்துவிடலாம். அதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். நாம் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் நமக்கு ஏற்கெனவே தெரியும்.

நோட்டீஸ் வந்தவர்களுக்கும் இதையே சொல்வேன். நோட்டீஸைக் கிழித்துப் போடாதீர்கள். யாரைப் பார்த்தால் அமுக்கலாம் என்று ஓடவும் ஓடாதீர்கள். கட்டியிருப்பது கட்டியபடியே எப்படி இருக்கிறது என்று பொய் இல்லாமல் ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். அனுமதி வாங்கிய வரைபடத்தை அதற்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். எங்கெங்கே வித்தியாசம், அதில் எது விதிக்குள் அடங்கும், எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு நல்ல இன்ஜினீயர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். பயந்து நடுங்கவும் வேண்டியதில்லை. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல், சொல்வதைக் கேட்காமல் இடிக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரோடு, நீர்நிலை போன்ற பொது இடத்தில் கட்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த மாதமே அதே நீதிமன்றம் மறுபக்கத்தையும் சொன்னது: எத்தனை வருடமானாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும், அதைக் காரணம் காட்டி விதிமீறிய கட்டடத்தை நியாயப்படுத்த முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நல்ல பாடம். அவசரப்பட்டு இடிக்காதே, பழசாகிவிட்டது என்று விட்டும் விடாதே.

2024-லிருந்து ஒரு புது வழியும் வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் ஆன்லைனிலேயே உடனே அனுமதி. அலைச்சல் இல்லை. அனுமதி வாங்குவது இவ்வளவு கஷ்டமாக இருந்தால் எப்படி சார் ஒழுங்காகக் கட்டுவது என்ற நம் பழைய சாக்கு இதில் அடிபட்டுப் போகிறது. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முன்பெல்லாம் பொய்யான பிளானுக்கு ஆபீஸில் யாரோ சீல் குத்தினார்கள். இப்போது 'இது சரி' என்று சொல்வது நாமே. இரண்டு பிளான் போட்டால் இரண்டாவது பிளான் நம் கையெழுத்துக்கு எதிராகவே நிற்கும்.

என் படிக்கட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள்.

உடனே இடித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எழுத முடியாது. ஃபாரத்தை மடித்து வைத்துவிட்டு நாலு வருடம் சும்மா இருந்தேன். கருங்கல்பட்டிச் செய்தி வந்த மறுவாரம்தான் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். வெளிப்படியை எடுத்துவிட்டு ஹாலுக்குள்ளிருந்தே படி வைக்கப்போகிறோம், பாத்ரூமையும் எடுத்துவிடுகிறோம் என்றேன். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கியிருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்கு தம்பி இப்ப வீண் செலவு?" என்றார். பிறகு, "இடிக்கறப்ப புழுதி பறக்கும். முந்தின நாள் சொல்லிடுங்க. ஜன்னலைச் சாத்திக்கறேன்."

ஹால் சின்னதாகிவிட்டது. சோபாவை விற்றுவிட்டோம். வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். செலவுக் கணக்கை இங்கே எழுத எனக்கே தைரியமில்லை. கட்டும்போது அந்தப் படிக்கட்டால் மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு.

கிழக்குச் சந்து இப்போது காலியாக இருக்கிறது. பகலில் வெளிச்சம் அந்தச் சமையலறை ஜன்னலில் விழுகிறது. ஆனாலும் பெரியம்மா லைட்டைப் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறார். ஒருநாள் கேட்டேன்.

"பழகிப்போச்சு தம்பி," என்றார்.

பதினாறு வருடப் பழக்கம். அதை எந்தப் பிளானை வைத்துத் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.